வங்கத்து நாவலர் சுரேந்திரநாதர்

கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெயரைப் பலமுறை கடந்து செல்கிறோம். எஸ்பிளனேடை அடுத்து, மாநகராட்சி மாளிகை நிற்கும் சாலைக்கு அப்பெயர். சியால்தா நிலையத்துக்கு அருகில் உள்ள பழைய கல்லூரிக்கும் அப்பெயர். கர்சன் பூங்கா என்று ஒருகாலத்தில் வழங்கிய பூங்காவுக்கும் பின்னர் அப்பெயரே சூட்டப்பட்டது. அப்பூங்காவில் அவருக்கு எழுந்த சிலையை வடித்தவர் யார் தெரியுமா? நம் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான்.

அந்தப் பெயருக்கு உரியவர் சுரேந்திரநாத் பானர்ஜி. சாலைப் பலகையில் பெயரைப் படிக்கும் நாம், அவர் செய்த பணி யாது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தேர்தல், வாக்குரிமை, சட்டசபை ஆகியவை நமக்குப் பிறக்கும்போதே கிடைத்த சொத்துகள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாத காலம் இந்நாட்டில் இருந்தது. கேட்டுக் கேட்டு, கெஞ்சியும் இடித்துரைத்தும், படிப்படியாக வாங்கப்பட்டவை இவை. அப்படிக் கேட்டவர்களுள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓயாது கேட்டவர் இவர். கேட்டது கிடைத்தபோது அவருக்கு நேர்ந்தது என்ன என்பதே இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது.

பதவியும் பறிப்பும்

சுரேந்திரநாதர் 1848ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை துர்காசரண் பானர்ஜி பெயர்பெற்ற மருத்துவர். புதுமைக் கருத்துகளை விரும்பியவர். மகன் பட்டம் பெற்றதும், 1868இல், ஐ.சி.எஸ். தேர்வு எழுத அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார். உடன் சென்ற நண்பர்கள் இருவர்: ஒருவர் ரமேஷ் சந்திர தத்தர், மற்றவர் பிகாரிலால் குப்தர். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று ஊரார் பேசிய காலம் அது. அப்பேச்சை மூவரும் பொருட்படுத்தவில்லை.

1869இல் சுரேந்திரநாதர் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. வயது வரம்பைத் தாண்டிவிட்டார் என்றனர். உண்மை என்னவென்றால், நம் நாட்டு வழக்கப்படி நடக்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணி, பள்ளித் தேர்வின்போது அவருடைய வயது பதிவாகியிருந்தது. ஆங்கிலேயர் நிறைந்த ஆண்டை மட்டும் எண்ணுவர். இந்த ஓராண்டு வேறுபாடே காரணம். அவர் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். மகனின் வெற்றியைக் காணத் தந்தைதான் இல்லை, இடையில் காலமாகிவிட்டார்.

1871இல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பணியேற்றார். மூன்றே ஆண்டுகள். ஒரு படகுத் திருட்டு வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் தலைமறைவானவன் என்று தவறாகப் பதிவாகிவிட்டது. அந்தத் தாளில் இவருடைய கையெழுத்து இருந்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் செய்திருந்தால் ஒரு கண்டனக் கடிதத்தோடு முடிந்திருக்கும் பிழை என்று அக்காலத்திலேயே பலர் கருதினர். இவர் விஷயத்திலோ விசாரணைக் குழு அமைந்தது. 1874இல் வேலையே பறிபோயிற்று. இலண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. சரி, வழக்கறிஞராகவாவது ஆகலாம் என்றால், பதவி நீக்கப்பட்டவர் என்று சொல்லி அந்தக் கதவையும் அடைத்துவிட்டனர்.

இருபத்தாறு வயது. தந்தை இல்லை, வேலை இல்லை, வேறு தொழிலுக்கும் வழி இல்லை. இந்நிலையில் மனம் ஒடிந்து மூலையில் அமர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அங்கே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். பர்க் முதலிய பேச்சாளர்களையும், இத்தாலிய விடுதலை வீரர் மாஜினியையும் ஊன்றிக் கற்றார். தமக்கு நேர்ந்த அநீதிக்கு வேர் எங்கே என்று தேடினார். குரல் இல்லாத நாட்டில் பிறந்ததே தம் குற்றம் என்ற முடிவுக்கு வந்தார். 1875இல் கல்கத்தா திரும்பியவர் இனி அதிகாரி அல்லர், ஆசிரியர்.

கல்லூரியும் கழகமும்

கைகொடுத்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். தம் மெட்ரோபாலிடன் கல்லூரியில் மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கிலப் பேராசிரியர் பதவி தந்தார். அன்று தொடங்கிய ஆசிரியப் பணி 37 ஆண்டுகள் நீடித்தது. 1882இல் ஒரு சிறு பள்ளியைத் தாமே ஏற்று நடத்தினார். அதுவே ரிப்பன் கல்லூரியாக வளர்ந்து, விடுதலைக்குப் பின் சுரேந்திரநாத் கல்லூரி ஆயிற்று.

மாணவரிடையே அவர் பேசினால் மண்டபம் நிரம்பி வழியும். சீக்கியரின் எழுச்சி, சைதன்யரின் வாழ்வு, மாஜினியின் நாட்டுப்பற்று என்று அவர் எடுத்த பொருள்கள் எல்லாம் இளைஞர் உள்ளத்தைத் தட்டி எழுப்பின. அரசியல் என்பது செல்வர் வீட்டுக் கூடத்து உரையாடல் என்றிருந்த நிலையை மாற்றி, அதை மாணவர் அரங்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே என்றால் மிகையாகாது.

1876ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், ஆனந்தமோகன் போஸ் முதலியோருடன் சேர்ந்து இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டம் நடந்த இடம் ஆல்பர்ட் மண்டபம். நாம் இன்று காப்பியும் கையுமாக அமர்ந்து உலகத்தையே அலசும் காலேஜ் தெருக் காப்பி நிலையம் இருக்கிறதே, அதுதான் அந்த ஆல்பர்ட் மண்டபம்! அன்று காலையில் சுரேந்திரநாதரின் பச்சிளம் மகன் இறந்துபோனான். மாலையில் சங்கத்தைத் தொடங்குவதற்கு எதிர்ப்புக் கிளம்பும் என்ற செய்தி வந்தது. அவர் துயரத்தை அடக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார், பேசினார், சங்கம் பிறந்தது.

அடுத்த ஆண்டே ஒரு வாய்ப்பு நேர்ந்தது. ஐ.சி.எஸ். தேர்வுக்கு உரிய வயது வரம்பை 21இலிருந்து 19ஆக அரசாங்கம் குறைத்தது. பத்தொன்பது வயதுக்குள் இந்திய இளைஞன் ஒருவன் இலண்டன் சென்று ஆங்கிலப் பிள்ளைகளோடு போட்டியிட்டு வெல்வது எளிதா? சுரேந்திரநாதர் ஊர் ஊராகப் புறப்பட்டார். லாகூர் வரை வடநாடு முழுவதும் சென்றார். பின்னர் பம்பாய்க்கும் நம் சென்னைக்கும் வந்தார். வங்காளி, பஞ்சாபி, மராட்டியர், தமிழர் அனைவரும் ஒரே விண்ணப்பத்தின்கீழ்க் கையெழுத்திடலாம் என்று காட்டிய முதல் சுற்றுப்பயணம் அது. காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

சிறையும் சிறப்பும்

1879இல் பெங்காலி என்னும் ஆங்கில வார இதழைப் பெற்றார். உரிமையாளர் இலவசமாகவே தர முன்வந்தார். சட்டம் செல்லுபடியாக வேண்டுமே என்று பத்து ரூபாய் விலை கொடுத்து வாங்கினார். அவ்விதழ் அவருக்குப் பெரும்புகழும் இரண்டு மாதச் சிறையும் தந்தது.

நடந்தது இது. நாரிஸ் என்னும் உயர்நீதிமன்ற நீதிபதி, ஒரு வழக்கில் சாளக்கிராமத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் செய்தார். 1883 ஏப்ரலில் சுரேந்திரநாதர் நீதிபதியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். நீதிமன்ற அவமதிப்பு என்று வழக்கு வந்தது. அபராதம் போதும் என்றார் அமர்வில் இருந்த ஒரே இந்திய நீதிபதி ரமேஷ் சந்திர மித்தர், மற்றவர்கள் கேட்கவில்லை. இரண்டு மாதச் சிறை. கல்கத்தா மாணவர் கொதித்தெழுந்தனர். நீதிமன்றக் கட்டடத்தின் சன்னல்கள் நொறுங்கின. அன்று ஆர்ப்பரித்த மாணவருள் ஒருவர், பிற்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி!

அவ்வாண்டு டிசம்பரில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிரதிநிதிகளை அழைத்து, அதே ஆல்பர்ட் மண்டபத்தில் தேசிய மாநாடு கூட்டினார். 1885இல் அதன் இரண்டாம் கூட்டம் கல்கத்தாவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை பிறந்தது. அதனால் முதல் காங்கிரசில் அவர் இல்லை. மறு ஆண்டு தம் அமைப்பை அதனோடு இணைத்துவிட்டார். என் கடை, உன் கடை என்று இரு பந்தல் போடவில்லை. 1895இல் பூனாவிலும் 1902இல் அகமதாபாத்திலும் மகாசபைக்குத் தலைமை தாங்கினார். பூனாவில் அவர் ஆற்றிய தலைமையுரை நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அவ்வளவையும் கையில் தாள் இல்லாமல் நினைவிலிருந்தே பொழிந்தார்!

மன்றத்துக்குள்ளே

இனி அவருடைய சட்டசபை வாழ்வுக்கு வருவோம். கல்கத்தா மாநகராட்சியில் வரி செலுத்துவோர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1876இல் வந்தது. அவ்வாண்டிலேயே சுரேந்திரநாதர் உறுப்பினரானார். இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கே அமர்ந்து, சாக்கடை, குடிநீர், விளக்கு, வரி என்று ஒவ்வொன்றாக வாதாடினார். மேடையில் மாஜினியைப் பேசியவர் மன்றத்தில் கழிவுநீரைப் பற்றிப் பேசுவதை இழிவாக எண்ணவில்லை.

மாகாணச் சட்டசபைகளில் அந்நாளில் அரசாங்கம் நியமித்தவர்களே இருந்தனர். மக்கள் பிரதிநிதிகள் வேண்டும் என்று காங்கிரஸ் ஆண்டுதோறும் தீர்மானம் போட்டது. 1890இல் சுரேந்திரநாதர் இங்கிலாந்து சென்று ஊர் ஊராக இதையே எடுத்துரைத்தார். ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்திலும் வாதாடி வென்றார். 1892இல் புதுச் சட்டம் வந்தது. அது தந்த உரிமை என்ன? மாநகராட்சி, பல்கலைக்கழகம் முதலிய அமைப்புகள் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அவரை அரசாங்கம் நியமிக்கும். உறுப்பினர் கேள்வி கேட்கலாம்; வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம்; வாக்களிக்க முடியாது. பேசுவதற்கு வாய் உண்டு; தடுப்பதற்குக் கை இல்லை.

அந்த வாயை அவர் முழுவதும் பயன்படுத்தினார். 1893இல் கல்கத்தா மாநகராட்சியின் சார்பில் வங்கச் சட்டசபைக்குச் சென்றவர் 1901 வரை தொடர்ந்து இருந்தார். 1897இல் இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் இலண்டனில் சாட்சியம் அளித்தார். அவருடன் அங்கே சாட்சி சொன்னவர்கள் கோகலே, வாச்சா, நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோர்.

அவருடைய பெருந்தோல்வியும் இச்சபையில்தான் நேர்ந்தது. மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையை 50இலிருந்து 25ஆகக் குறைக்கும் சட்டம் 1899இல் கர்சன் பிரபுவின் ஆட்சியில் வந்தது. பாதிப் பேர் மக்கள் பிரதிநிதிகள், பாதிப் பேர் நியமனம், அதற்கு மேல் ஓர் ஆங்கிலேயத் தலைவர் என்றால், எஞ்சிய உரிமை எவ்வளவு? சுரேந்திரநாதர் விதி விதியாக எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது. உடனே அவரும் மற்றவர்களுமாக 28 உறுப்பினர்கள் மாநகராட்சிப் பதவியைத் துறந்து வெளியேறினர். அம்மன்றத்தின் உரிமையை மீட்காமல் ஓய்வதில்லை என்று அன்று கொண்ட உறுதியை அவர் இருபத்து நான்கு ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தார்.

புயலின் நடுவே

1905ஆம் ஆண்டு. கர்சன் வங்கத்தை இரண்டாகப் பிளந்தார். ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பெருங்கூட்டம் அந்நியப் பொருள்களை விலக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. சுதேசிக் கனல் தூத்துக்குடி வரை பரவியதைத் தமிழர் அறிவர். 1906 ஏப்ரலில் பரிசால் நகர் மாநாட்டு ஊர்வலத்தைப் போலீசார் தடியால் அடித்துக் கலைத்தனர். சுரேந்திரநாதரைக் கைது செய்து அபராதம் விதித்தனர். வங்கத்தின் முடிசூடா மன்னர் என்று மக்கள் அவரைக் கொண்டாடினர்.

ஆனால் அலை வேகம் கொண்டது. விண்ணப்பமும் வாதமும் போதும், இனி எதிர்ப்பே வழி என்றனர் இளைஞர். 1907இல் சூரத் மகாசபையில் இரு தரப்பும் மோதின. நம் பாரதியும் வ. உ. சிதம்பரனாரும் திலகர் பக்கம் நின்றனர். சுரேந்திரநாதர் மிதவாதிகள் பக்கம். மேடையை நோக்கி வீசப்பட்ட செருப்பு அவர்மீதும் பட்டது. சிறை சென்ற வீரருக்கா இது என்று நமக்கு நெஞ்சு வலிக்கிறது. இருந்தும் இளைஞரின் பொறுமையின்மைக்கும் காரணம் இருந்தது. முப்பது ஆண்டுகள் கேட்டும் கிடைத்தது பேசும் உரிமை மட்டும் என்றால், யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

பிரிவினை நீடிக்கும்வரை புதிய சட்டசபையில் சேர அவர் மறுத்துவிட்டார். 1911 டிசம்பரில் பிரிவினை நீங்கியது. அதே நாளில் தலைநகரம் டெல்லிக்குப் போனது. 1913இல் மத்தியச் சட்டசபை உறுப்பினரானார். 1918இல் மாண்டேகு சீர்திருத்தத்தை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, ஏற்போம் என்று சொல்லி, தாம் வளர்த்த காங்கிரசை விட்டே விலகினார். 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் கவர்ந்தது. சட்டசபையைப் புறக்கணிப்போம் என்றது நாடு. வாழ்நாள் முழுவதும் சட்டசபை வேண்டும் என்று கேட்டவர் எப்படிப் புறக்கணிப்பார்?

வெற்றியே தோல்வி

1921இல் அவர் வங்க மாகாண அமைச்சரானார். சர் பட்டமும் ஏற்றார். இரட்டை ஆட்சி எனப்பட்ட அம்முறையில் நிதியும் போலீசும் கவர்னர் கையில் இருந்தன. தல ஆட்சியும் பொதுச் சுகாதாரமும் இவரிடம் வந்தன. பணப்பெட்டி ஒருவரிடம், செலவுப் பொறுப்பு வேறொருவரிடம்! அமைச்சரின் சம்பளம் ஆண்டுக்கு 64,000 ரூபாய். ஆயிரக்கணக்கானோர் சிறையில் இருக்கும்போது இப்பதவியும் சம்பளமும் எதற்கு என்று மக்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. மக்களின் மனம் மாறிவிட்டதை அவர் உணரவில்லை, உணர்ந்திருந்தாலும் வளைந்துகொடுக்கவில்லை.

அந்தப் பதவியில் அமர்ந்து அவர் செய்தது என்ன? 1899இல் பறிபோனதைத் திரும்பக் கொடுத்தார். 1923ஆம் ஆண்டின் கல்கத்தா முனிசிபல் சட்டம் அவர் கொண்டுவந்தது. மாநகராட்சியில் மக்கள் பிரதிநிதிகள் பெரும்பான்மை ஆயினர். அவர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். பெண்களுக்கும் மாநகராட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது.

அவ்வாண்டின் இறுதியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. எழுபத்தைந்து வயதுக் கிழவர் பாரக்பூர்ப் பகுதியில் நின்றார். எதிரே நின்றவர் அரசியலுக்குப் புதியவரான ஒரு மருத்துவர், வயது நாற்பத்தொன்று, சித்தரஞ்சன் தாசின் சுயராஜ்யக் கட்சி அவருக்குத் துணை நின்றது. வாக்குகளை எண்ணினர். சுரேந்திரநாதர் தோற்றார். வென்ற மருத்துவரின் பெயர் பிதான் சந்திர ராய். பின்னாளில், 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதலமைச்சராக விளங்கியவர் இவரே.

1924இல் புதிய சட்டப்படி மாநகராட்சித் தேர்தல் நடந்தது. முதல் மேயராகச் சித்தரஞ்சன் தாஸ் வந்தார். தலைமை நிர்வாக அதிகாரியாக இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் அமர்ந்தார். சுரேந்திரநாதர் கட்டிய வீட்டில் அவரைத் தோற்கடித்தவர்கள் குடியேறினர்.

அவர் தேர்தல் முடிவை ஏற்றுக்கொண்டு பாரக்பூரில் கங்கைக்கரை வீட்டில் ஒதுங்கினார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1925இல் வெளியிட்டார். அவ்வாண்டில் காந்தியடிகள் அவர் இல்லம் தேடிச் சென்று கண்டார். ஜூன் மாதம் தாஸ் மறைந்தார். ஆகஸ்டு 6ஆம் நாள் சுரேந்திரநாதரும் கண்மூடினார்.

நண்பர்களே, அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிகள் பல இருக்கலாம். சூரத்தில் நாம் இருந்திருந்தால் பாரதியின் பக்கமே நின்றிருப்போம். எனினும், மக்களின் வாக்கே மேலானது என்று ஐம்பது ஆண்டுகள் வாதாடி வென்றவர், அதே வாக்கு தமக்கு எதிராக விழுந்தபோது அதற்குத் தலைவணங்கினார். தேர்தலில் வென்றவர் பெயரை நாடு எளிதில் நினைவில் வைக்கிறது. தேர்தல் என்ற ஒன்றையே வாங்கித் தந்தவரை மறந்துவிடுகிறது. நம் கழகத் தேர்தல் ஆகட்டும், நாட்டுத் தேர்தல் ஆகட்டும், வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது இவரை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். தோற்றவரின் கையைக் குலுக்கவும், தோற்றால் வென்றவரின் கையைக் குலுக்கவும் அப்போது நமக்குத் தயக்கம் இராது.